பக்கத்துல வெச்சுப் பாருங்க

அந்த மனுசருக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்குவதென்றாலும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததற்குப் பக்கத்தில் இன்னொரு சீப்பை வைக்கச் சொல்லி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதலில் கொடுத்ததையே வாங்கிக்கொண்டு போவார். டீக்கடையில் தன் டம்ளர் கைக்கு வந்ததும் பக்கத்தில் நிற்கிறவர் டம்ளரை எட்டிப் பார்ப்பார். "உங்களுது கொஞ்சம் கலர் தூக்கலா இருக்குதுங்களே?" என்பார். ஒரு நாள் ஒருத்தர் பொறுக்கமாட்டாமல் தன் டம்ளரையே மாற்றிக் கொடுத்துவிட்டார். அதைக் குடித்து முடித்துவிட்டு, "மொதல்ல வாங்குனதே தேவலைங்க" என்றாராம்.

அவர் கல்யாணத் தரகர். மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் எங்கள் சனத்தில் அவர் கால் வைக்காத வீடு கிடையாது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் செய்வது, கவர் விற்பது, கண்ணாடி ஒட்டுவது, சின்னச் சின்ன ரிப்பேர். பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் அவர் மொபெட் வந்து நிற்கும். வெளுத்த வேட்டி, ரெக்சின் பை, சட்டைப் பையில் பேனா. அதிலும் இரண்டு! நான் அவரைத் தரகரய்யா என்பேன். அவர் என்னை அம்மிணி என்பார், காரியம் ஆகவேண்டியிருந்தால் சாமி என்பார். இப்போது பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. கொஞ்சம் பாசமும் வருகிறது, அதற்காக என் மேலேயே கோபம் வருகிறது.

அந்த மகன்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தான் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழைய டேப்லெட்டை அப்பாவிடம் தள்ளிவிட்டான். அதுவரைக்கும் ரெக்சின் பைக்குள் கவர் கவராகப் போட்டோக்கள் வைத்திருந்தார். "இது அத்தனையும் இதுக்குள்ள ஏத்திக் குடுங்க சாமி" என்று கொண்டு வந்து கொட்டினார். ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தேன். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

அடுத்த வாரமே வந்துவிட்டார். "அம்மிணி, இது ரெண்டாப் பொளந்துக்கிச்சுங்க."

கீழே போட்டு உடைத்துவிட்டாரோ என்று பதறி வாங்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. திரையின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு, ஒரு பாதியில் போட்டோக்கள், இன்னொரு பாதியில் வாட்ஸ்அப். இரண்டு ஆப்களை ஒரே நேரத்தில் பார்க்கிற வசதி அது, ஸ்பிளிட் ஸ்க்ரீன். நடுக்கோட்டை விரலால் அழுத்திப் பிடித்து ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டேன். ஒரு பாதி மறைந்து பழையபடி ஒரே திரையாகிவிட்டது.

"அவ்வளவுதாங்க."

"அவன் எங்கீங்க?" என்றார்.

"எவன்?"

"இந்தப் பக்கம் இருந்த ஈரோட்டுப் பையன். தள்ளி உட்டுப்போட்டீங்களே!"

"அவன் உள்ளதான் இருக்கானுங்க. ஆப்பை மூடினா போட்டோ அழியாதுங்க."

நம்பவில்லை. ஈரோட்டுப் பையனைத் தேடி எடுத்து, அவன் முழு உடம்போடு பத்திரமாக இருப்பதைக் காட்டிய பிறகுதான் ஸ்டூலை விட்டு எழுந்தார். கண்ணாடி ஒட்டுவதற்காக நின்றிருந்த இரண்டு காலேஜ் பெண்கள் அதற்குள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு இதே கதைதான். வருவார், பிளந்துகிட்டுது என்பார், நான் கோட்டை இழுத்து மூடுவேன், ஓரம் போனவனைத் திருப்பிக் காட்டுவேன். நீங்களே இழுத்துப் பழகுங்கள் என்று விரலைப் பிடித்து வைத்தும் பார்த்துவிட்டேன். பாதி தூரம் இழுப்பார், அதற்கு மேல் விரல் நகராது. அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் போட்டோ இருந்தால் சுத்தமாக வராது. "புள்ளைய இடிச்சுத் தள்ளற மாதிரி இருக்குதுங்க" என்பார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

இது எப்படித்தான் அடிக்கடி வருகிறது என்று எனக்கும் புரியவில்லை. ஒரு நாள் காலையில் கண்ணாலேயே பார்த்தேன். மொபெட்டை நிறுத்தினார். டேப்லெட்டை எடுத்து சீட்டின் மேல் குறுக்காகப் படுக்க வைத்தார். சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று விரலால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் திரைக்குப் பட்டை போட்டார்! அந்த டேப்லெட்டில் மூன்று விரலால் மேலே தள்ளினால் திரை இரண்டாகப் பிரியும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. குறுக்காகக் கிடந்த டேப்லெட்டுக்கு இவர் பட்டை போட்டதும் மேலே தள்ளியதும் ஒன்றுதான்.

"ஏனுங்க, செல்லுக்கு யாராச்சும் துன்னூறு பூசுவாங்களா?" என்று கத்தினேன்.

"தொழில் பண்ற சாமானுங்க அம்மிணி. தராசுக்குப் பூசறதில்லீங்களா? லாரிக்குப் பூசறதில்லீங்களா?"

"சரி, ஒரே விரல்ல வெச்சுட்டுப் போங்க."

"ஒத்த விரல்ல வெச்சா அது பொட்டுங்க. பட்டைன்னா மூணு விரலுங்க."

செட்டிங்ஸில் போய் அந்த ஏற்பாட்டையே அணைத்துவிடுகிறேன் என்றேன். "அய்யய்யோ, உள்ள கை வெக்காதீங்க சாமி, போட்டோவெல்லாம் போயிரும்" என்று டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். போங்கள், எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்படி விட்டதற்குப் பலன் சீக்கிரமே வந்தது. வையப்பமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பெண்ணுக்கு வரன் காட்டப் போயிருக்கிறார். பெரியவர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் பட்டை போட்டுத் திறந்தால், ஒரு பாதியில் அந்த வீட்டுப் பெண்ணே நிற்கிறாள், இன்னொரு பாதியில் வேறு வீட்டுக்காக வைத்திருந்த ஒரு பையன் நிற்கிறான். இரண்டு பேரும் ஒரே கூட்டம். எங்களில் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கச்சி முறை. கட்டுவது இருக்கட்டும், அப்படி நினைப்பதே தப்பு. பெண்ணின் அப்பா எழுந்து நின்றுவிட்டாராம். "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? பங்காளி ஊட்டுப் பையனையும் என்ற புள்ளையையும் சோடி போட்டுக் காட்டறீங்களே, அவனுக்கு இவ தங்கச்சிங்க!" என்று சத்தம் போட்டதில் தொண்டுப்பட்டியில் கட்டியிருந்த எருமை மிரண்டுவிட்டதாம். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

நேரே என் கடைக்கு வந்து, "உங்களாலதானுங்க" என்றார்.

"நானா பட்டை போட்டேன்?"

"நீங்க அன்னிக்கே நல்லா மூடியிருந்தா இப்படி ஆவுமுங்களா?"

அந்த மனுசரை நான் ஏன் அவ்வளவு பொறுத்துப் போனேன் என்று கேட்டால், என் தம்பிக்காகத்தான். எனக்கு ஒரே தம்பி. டிப்ளமோ படித்துவிட்டு ஒரு கம்பெனியில் இருந்தவன், அப்பா போன பிறகு காட்டைப் பார்க்க ஊருக்கே வந்துவிட்டான். மரவள்ளி போடுகிறான், கொஞ்சம் மஞ்சள் போடுகிறான், மாடு வைத்திருக்கிறான். கிணற்றில் தண்ணீர் உண்டு, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் சொன்னால் பெண் வீட்டில், "அப்புறங்க?" என்று கேட்பார்கள். அப்புறம் என்றால் சம்பளம். எந்தக் கம்பெனி, பெங்களூரா கோயமுத்தூரா, வெளிநாடு போவானா. காட்டு வேலை செய்கிறவனுக்குப் பெண் இல்லை என்று காடு வைத்திருக்கிறவர்களே சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பிக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். போனால் யாராவது, "பையனுக்கு ஆச்சுங்களா?" என்று கேட்டுத் தொலைப்பார்களே.

அதனால்தான் தரகரய்யா வந்தால் முதலில் டீ சொல்வேன். தம்பியின் போட்டோவையும் கொடுத்து வைத்திருந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, தென்னை மரத்தடி, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பான். ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் நல்லதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றேன். "இதுவே இருக்கட்டுங்க. இயற்கையா இருக்குது" என்றார்.

வாரா வாரம் கேட்பேன், "தம்பி போட்டோவைக் காட்டுனீங்களா?" என்று.

"காட்டாத ஊடு இல்லீங்க சாமி."

அது பொய்யே இல்லை.

நடுவில் ஒரு நாள் பார்த்தால், அவர் அந்தப் பிளந்த திரையைத் தூக்கிக்கொண்டு வருவது நின்றுவிட்டது. கவர் மாற்ற வருவார், சார்ஜர் கேட்டு வருவார், கோட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பாடா, ஒரு வழியாகத் தள்ளப் பழகிவிட்டார் என்று நான் சந்தோசப்பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

அந்த ஆவணியில் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். பெண் எங்களுக்குத் தூரத்து உறவு, மாப்பிள்ளை ஐடி கம்பெனி. அம்மா வரமாட்டேன் என்றதால் நானும் தம்பியும் போனோம். மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்தே தம்பிக்கு ஏக சந்தோசம். "அக்கா, என்னைய நெறையப் பேருக்குத் தெரியுதுக்கா. பாத்துப் பாத்துச் சிரிக்கறாங்க" என்றான். நானும் பார்த்தேன், உண்மைதான். பட்டுச்சேலை கட்டிய அத்தைமார்கள் அவனைப் பார்த்து, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏதோ ஒரு வீட்டில் பேச்சு ஓடுகிறது போலிருக்கிறது என்று நானும் உள்ளுக்குள் பூரித்துப் போனேன்.

பந்தியில் உட்கார்ந்தோம். பெண்ணின் அம்மா ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். "நல்லா கேட்டு வாங்கிச் சாப்புடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார்.

"தம்பிய எங்கியோ பாத்திருக்கறனே..." சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது. "அட! நீங்க அந்த இன்னொரு பையன்தானுங்களே! நீலச் சட்டை!"

தம்பி சிரித்தபடியே விழித்தான்.

"நம்ம தரகரு காட்டுனாருல்லங்க, எங்க மாப்ளை போட்டோ ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். ரெண்டையும் பாத்ததும் நாங்க பட்டுன்னு மாப்ளையவே முடிச்சுட்டமுங்க." பின்னால் வந்த தன் தங்கையைக் கூப்பிட்டார். "ஏனு, இங்க பாரு, யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்னுங்க்கா? எங்க ஊட்லயும் இவரத்தான காட்டுனாரு! எங்க மாப்ளைக்குப் பக்கத்துல" என்றார் தங்கை.

இரண்டு பேரிடமும் துளி கெட்ட எண்ணம் கிடையாது. தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோசம், அவ்வளவுதான். "பாயசம் வைக்கச் சொல்றன், சாப்புடாம எந்திரிச்சுராதீங்க சாமி" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்கள். தம்பி பாயசத்தை மிச்சம் வைக்காமல் குடித்தான். பைக்கில் திரும்பினோம். எங்கள் ஊர்ப் பிரிவு வந்ததும்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, அந்த நீலச் சட்டை நல்லாத்தான இருந்துச்சு?"

எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மறுநாள் அவர் மொபெட் நின்றதுதான் தாமதம், டேப்லெட்டைப் பிடுங்கினேன். திறந்தால் கறுப்புக் கோடு. அந்தப் பக்கம் கோட்டு சூட்டு போட்ட ஒரு பையன். இந்தப் பக்கம் தென்னை மரத்தடியில் என் தம்பி.

"என்னுங்க இது?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க" என்றார், சாதாரணமாக. "மொதல்ல எனக்கும் எடஞ்சலாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா, சாமியாப் பாத்துக் குடுத்ததுங்க. ஒருத்தனைத் தனியாக் காட்டுனா, யோசிச்சுச் சொல்றமும்பாங்க, சோசியரக் கேக்கறமும்பாங்க, வருசம் ஓடிரும். பக்கத்துல வெச்சுப் பாருங்கன்னு ரெண்டு பேரைக் காட்டுனா, இவன் வேண்டாம், அவன் இருக்கட்டும்பாங்க. வேண்டாம்னு சொல்றதுக்கு ஒருத்தன் வேணுமுங்க சாமி. அப்பத்தான் வேணுங்கறது வாயில வரும்."

"அதுக்கு என்ற தம்பிதான் கெடைச்சானா?"

"கோவிச்சுக்காதீங்க. உங்க தம்பி படம் ராசியான படமுங்க. அதை வெச்சா முடிஞ்சுருது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ பேசினேன். நம்பிக் கொடுத்தேனே, டீ வாங்கிக் கொடுத்தேனே, அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளே என்று கத்தினேன். அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி வரவேண்டுமே! உண்மையாகவே எனக்குப் புரியவைக்கப் பார்த்தார். "உங்களுக்கு மாப்ளை பாக்கறப்பவும் ரெண்டு போட்டோதானுங்க வெச்சேன். நீங்களும் உங்கம்மாளும் ஒன்னைத் தள்ளிப்போட்டுத்தான ஒன்னை எடுத்தீங்க?" என்றார்.

தள்ளிப்போட்டவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. அதில் இன்னும் கோபம் வந்தது.

செட்டிங்ஸைத் திறந்து, மூன்று விரல் ஏற்பாட்டைத் தேடி, அணைத்தேன். ஸ்பிளிட் ஸ்க்ரீன் என்று எங்கெங்கே இருந்ததோ அத்தனையையும் அணைத்தேன். திரையைக் கோட்டு சூட்டுப் பையன் முழுசாக நிறைத்துக்கொண்டான். "இனிமேல் இது பிரியாதுங்க. என்ற தம்பியைக் காட்டுனா தனியாக் காட்டுங்க, இல்லாட்டிக் காட்டவே வேண்டாம்" என்று கல்லாப் பெட்டி மேல் பட்டென்று வைத்தேன்.

அவர் மூன்று விரலால் தள்ளிப் பார்த்தார். பிரியவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் செல்போனை எடுத்தார், தம்பியின் நீலச் சட்டைப் போட்டோவைத் திறந்தார், டேப்லெட்டை ஒட்டினாற்போல நேராக வைத்தார். "இப்படி வெச்சாலும் ஆவுமுங்க" என்றார்.

கையில் கிடைத்த சார்ஜரை வீசியிருப்பேன். அந்த நேரம் பார்த்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் தம்பி கடைக்குள் வந்தான். கல்லாப் பெட்டி மேல் செல்போனில் தான் நிற்பதையும், டேப்லெட்டில் அந்தக் கோட்டுக்காரன் நிற்பதையும் பார்த்தான். சண்டை வரப்போகிறது, வரட்டும், நாலு அறை விட்டாலும் நான் தடுக்கப்போவதில்லை என்று நின்றேன். அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தான்.

"ஏனுங்க, என்னையவிடக் கொஞ்சம் கம்மியா ஒருத்தன் உங்ககிட்ட இருப்பானில்லீங்க? அவனை என்ற பக்கத்துல வெச்சுக் காட்டுங்களே" என்றான்.

தரகரய்யாவின் முகம் தெளிந்துவிட்டது. காலையிலிருந்து அவரிடம் யாரும் சரியான கேள்வி கேட்கவில்லை போல! கண்ணாடியை எடுத்து மாட்டினார், டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். "இவன்... இல்லீங்க, இவனுக்குச் சேலத்துல கட்டடம் வாடகைக்கு உட்டிருக்குது. இவனுக்கு முடி கம்மி, ஆனாக் கனடாவுல இருக்கறானுங்க. இவன் கவர்மெண்டு. இவனுக்குப் போர் போடற ரிக் வண்டி ஓடுது. இவன் குடிப்பானுங்க, ஆனா ஒரே பையன், சூரமங்கலத்துல ஊடு இருக்குது..." தம்பியும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வாடா என்றேன். அவன் காதில் விழவில்லை.

கடைசிப் போட்டோ வரைக்கும் பார்த்துவிட்டுத் தரகரய்யா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒருத்தன் இருந்தானுங்க சாமி. படிப்புக் கம்மி, வயசும் உங்களைவிட ஏறுனதுங்க. திருப்பூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசரு. அவனுக்குப் போன மாசந்தான் முடிஞ்சுது."

"அவனுக்குப் பக்கத்துல யாரை வெச்சீங்க?" என்றான் தம்பி.

பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த மனுசருக்கு அது வராது.

"உங்களைத்தானுங்க."

தம்பி ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்துப்போட்டான். "அந்தப் புள்ள என்னையப் பாத்து என்னுங்க சொல்லுச்சு?"

"ஒன்னுஞ் சொல்லலீங்க சாமி," என்றார் அவர். "உங்க பக்கம் அது பாக்கவே இல்லீங்க."